எங்கள் ஊருக்கு பஸ் கேட்ட ஒன்றரை வருஷம்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலை தெரியும் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர் என்பது நாங்கள் சொல்வது. அரசாங்கக் காகிதத்தில் குக்கிராமம். மூன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாய்க்கிராமத்தோடு டவுன் பஸ் நின்றுவிடும். அப்புறம் ஏரிக்கரை மேல் நடைதான்.

முதல் மனுவைச் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸில், திங்கட்கிழமை குறைதீர்வுக் கூட்டத்தில் கொடுத்தேன். ஒன்றரை மாதம் கழித்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து இரண்டே வரியில் பதில்: மேற்படி கிராமத்துக்கு ஏற்கெனவே பேருந்து வசதி உள்ளது.

எரிச்சலாக இருந்தது. பொய் சொல்கிறார்களே என்று நினைத்தேன். அப்படியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டைத் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் வருவாய்க் கிராமம்தான், அதாவது தாய்க்கிராமம்தான், ஒரு வரி. அதன் குக்கிராமங்களுக்குத் தனி வரி கிடையாது, தலைக்கணக்கும் தனியாக இல்லை. பஸ் இல்லாத கிராமமென்றால் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்று குறிப்பார்கள்: 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, அதற்கும் மேல். தாய்க்கிராமத்தில் பஸ் நிற்கிறது, ஆகவே எங்களுக்கும் ‘உண்டு’. 2021 கணக்கெடுப்பில் திருத்தலாம் என்றால் அதுவும் தள்ளிப்போய்விட்டது.

சரி, நாமே எண்ணிவிடலாம் என்று கிளம்பினோம், நானும் இரண்டு பையன்களும். இதில்தான் வேடிக்கை. யாரை ஊரில் இருப்பவர் என்று எழுதுவது? பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ப் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வருகிறவன்? ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை. “வர்றவன்தானப்பா, எழுது” என்று ஒரு ஆயா பேனாவை விடவில்லை. எழுதினேன். இரண்டு வாரத்தில் 463 பேர். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலும் வாங்கினோம்.

அந்த 463ஐ டெப்போவில் யாரும் கேட்கவே இல்லை. அதிகாரி கேட்டது இரண்டுதான்: “காலையில எத்தனை பேர் ஏறுவாங்க? வண்டி திரும்ப இடம் இருக்கா?” மனு எழுதப்போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து வேறு பட்டியல் போட்டோம்: பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேலூருக்குக் காலேஜ் போகிறவர்கள், பூக்கூடையோடு மார்க்கெட் போகும் பெண்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்குக் கம்பெனி வேன் வருகிறது.

திரும்ப இடம் என்றால் திரௌபதி அம்மன் கோயில் திடல்தான். பாரதக்கூத்து நடக்கிற இடம். அர்ஜுனன் வேஷக்காரர் ஏறித் தபசு செய்ய மரம் நடுகிற குழியை மண்ணள்ளி மூடிவைத்திருப்பார்கள். பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மூன்று கூட்டம் ஆயிற்று. கூத்து நடக்கும் நாட்களில் பஸ் ஏரிக்கரையோடு நின்றுவிட வேண்டும் என்று முடிவாயிற்று. சோதனை ஓட்டத்துக்கு வந்த வண்டியின் பின்சக்கரம் நேராக அந்தக் குழியில்தான் இறங்கியது. ஊரே தள்ளியது. டிரைவர் சிரித்தார், அதிகாரி சிரிக்கவில்லை. புளியமரக் கிளைகளை வெட்டுங்கள், குழியைக் கல் போட்டு இறுக்குங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கிளையை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அது தனியாக நான்கு மாதம்.

இப்போது காலை ஒன்று, மாலை ஒன்று, இரண்டு நடை வருகிறது. முதல் நாள் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தோம். அந்த ஆயாவுக்கு ஜன்னலோர சீட். கண்டக்டர் கொடுத்த கட்டணமில்லா டிக்கெட்டை என்னிடம் நீட்டி, நம்ம ஊர் பேர் எங்கே போட்டிருக்கு என்று கேட்டது. பார்த்தேன். ஏறிய இடம் என்று தாய்க்கிராமத்தின் பெயர்தான் இருந்தது. எங்கள் ஊருக்குத் தனி ஸ்டேஜ் இல்லையாம்.

அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.