அப்பா பேர்ல ஒரு எழுத்து மாறி ஸ்காலர்ஷிப்புக்கு அலைஞ்சது

எங்க அப்பா நான் பிளஸ் டூ படிக்கறப்ப ஜனவரி மாசம் இறந்துட்டார். ஏற்காட்டுல எஸ்டேட் வேலை, காபி பறிப்பு முடியற நேரம், நெஞ்சு வலிக்குதுன்னாரு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துல ஆஸ்பத்திரில சேர்த்தோம், விடியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

காலேஜ் சேர்ந்தப்புறம் எங்க மேடம்தான் இந்த ஸ்காலர்ஷிப் பத்தி சொன்னாங்க. ஒரு குடும்பம், இறந்துபோன அவங்க மகன் நினைவா, அப்பாவோ அம்மாவோ இல்லாத பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டறாங்க. கடைசி தேதிக்கு ஒரு மாசம் இருந்துச்சு, தாராளமா போதும்னு நினைச்சேன், போதவே இல்ல.

இறப்பு சான்றிதழுக்கு ஏற்காட்டுலயே போய் நின்னது என் தப்பு. சொந்த ஊரு கணக்கில்லைங்க, உயிர் எங்க போச்சோ அங்கதான் பதிவாகும். திரும்ப சேலம் போய் வாங்கினா அப்பா பேரு 'ராஜ்'னு முடியுது, ஆதார், ரேஷன் கார்டு எல்லாத்துலயும் 'ராசு'. அதனால வாரிசு சான்றிதழும் நின்னு போச்சு. திருத்தணும்னா விவரம் தெரிஞ்ச ரெண்டு பேர் எழுதி கையெழுத்து போடணும்னாங்க, மேஸ்திரி அண்ணாவும் பக்கத்து லைன் வீட்டு பெரியம்மாவும் ஒரு நாள் கூலிய விட்டுட்டு என்கூட பஸ் ஏறி வந்தாங்க, அத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

வருமான சான்றிதழ் பழசு அப்பா பேர்ல இருந்துச்சு, அது செல்லாது, அம்மா பேர்ல இ-சேவைல 60 ரூபா கட்டி புதுசா போட்டோம். வீட்ல இப்படி ஒரு இழப்பு நடந்திருந்தா சான்றிதழ் கைக்கு வந்த அன்னிக்கே பேரு, இனிஷியல் எல்லாம் ஆதாரோட வச்சு பாத்துருங்க ப்ளீஸ். இன்னொண்ணு, சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்துல இறந்து பிள்ளைங்க அரசு பள்ளியிலயோ உதவி பெறும் பள்ளியிலயோ படிச்சா அரசு 75,000 ரூபா தருது, எங்களுக்கு அது பொருந்தல, உங்களுக்கு பொருந்துதான்னு ஹெச்எம் கிட்ட கேளுங்க.

எல்லாத்த விட கஷ்டமா இருந்தது ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷனோட கடைசி பக்கம்தான். 'உங்கள் தந்தையைப் பற்றி எழுதுக.' மூணு தடவ எழுதி கிழிச்சேன், தெய்வம், தியாகம்னு யாரோட அப்பாவுக்கும் பொருந்தற மாதிரியே வருது. அம்மா பாத்துட்டு, "அவரு மிளகு பறிக்கறத எழுது பாப்பா"ன்னாங்க. சில்வர் ஓக் மரத்துல ஏணி சாத்தி, இடுப்புல சாக்கு கட்டிட்டு ஏறுவாரு, கொத்துல ஒண்ணு ரெண்டு மணி சிவந்திருந்தாதான் கைய வைப்பாரு, ஒரு கொத்த கீழ போட்டு "எண்ணு, எத்தன சிவப்பு"ன்னு என்னைய கேப்பாரு, நான் எண்ணி பழகினதே அப்படித்தான். அத மட்டும் எழுதுனேன். அழுதுட்டேதான் எழுதுனேன்.

ரெண்டு மாசம் கழிச்சு போன் வந்துச்சு, அந்த பையனோட அம்மாவே பேசுனாங்க. மார்க், வருமானம் எதுவும் கேக்கல, "கீழ நின்னு எண்ணுனது நீதானாம்மா?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கம்மான்னேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.