காசோலை எண்ணைத் தேடிய வாரம்

ஜூன் 10, திங்கள்

வசூல் பட்டியலில் காசோலை எண்ணும் வர வேண்டுமாம். அரை மணி நேர வேலைதான் என்று உட்கார்ந்தேன். எங்கள் ஜாவா புரோகிராமில் பேமென்ட் என்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்டுகளுக்கான அச்சு), அதற்குக் கேஷ், கார்டு, செக் என்று அதிலிருந்து பிறந்த மூன்று பிள்ளை கிளாஸ்கள். எண் இருப்பது செக்கில் மட்டும். லூப்பில் கைக்கு வருவதோ பேமென்ட். அதில் புள்ளி வைத்து எண்ணைக் கேட்டால், அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது கம்பைலர், ஓட்டுவதற்கு முன் கோடைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் ஆசாமி. அந்த வரியை எடுத்துவிட்டு டீபக்கரில் (ஓடும்போதே உள்ளே எட்டிப் பார்க்கும் கருவி) ஓட்டினால், ஆப்ஜெக்டுக்குள் எண் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது! கம்பைலர் பார்ப்பது வேரியபிளின் டைப்பை மட்டும். உள்ளே இருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. முன்னால் அடைப்புக்குறிக்குள் செக் என்று போட்டு, 'இதைச் செக்காக எடுத்துக்கொள்' என்று காஸ்ட் செய்தேன், வாயை மூடிக்கொண்டது.

ஜூன் 11, செவ்வாய்

காலையிலேயே கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன், அதாவது காஸ்ட் தப்பு என்று ஓடும்போது வரும் பிழை. நேற்று நான் சோதித்த டேட்டாவில் எல்லாமே காசோலை. டெஸ்டிங்கில் முதல் வரியே ரொக்கம். காஸ்ட் செய்வதால் ரொக்கம் காசோலையாகிவிடாது. 'இது செக்தான், நான் பொறுப்பு' என்று கம்பைலரிடம் சொல்கிறோம், அவ்வளவுதான். ஓடும்போது ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருள்) அதைச் சரிபார்க்கிறது. (சி பிளஸ் பிளஸ்ஸில் ஸ்டாட்டிக் காஸ்ட் போட்டிருந்தால் இந்தச் சரிபார்ப்பும் கிடையாது.) ஆப்ஜெக்ட் இந்த வகையா என்று கேட்கும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டு, செக்காக இருந்தால் மட்டும் காஸ்ட் என்று மாற்றினேன். 2021-இல் வந்த ஜாவா 16 முதல் இரண்டையும் ஒரே வரியில் முடிக்கலாம். நாங்கள் இன்னும் 8-இல்தான்.

ஜூன் 12, புதன்

நாள் முழுக்க மீட்டிங்.

ஜூன் 13, வியாழன்

இன்றைக்குத்தான் தலை சுற்றியது. ஒரே ஆப்ஜெக்ட். பேமென்ட்டாக வைத்துத் தொகையைப் படித்தால் 0, செக்காகக் காஸ்ட் செய்து படித்தால் 5000. சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கண்ணில் பட்டது: பேமென்ட்டில் இருக்கும் தொகை ஃபீல்டையே (மதிப்பு உட்காரும் இடம்) யாரோ செக்கிலும் மறுபடி அறிவித்திருக்கிறார்கள். ஆக, ஒரு ஆப்ஜெக்டுக்குள் இரண்டு தொகை. ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் நிரப்புவது செக்கின் தொகையை மட்டும். மெத்தடை (கிளாஸுக்குள் இருக்கும் செயல்) கூப்பிட்டால் ஜாவா உண்மையான ஆப்ஜெக்டைப் பார்த்து எதை ஓட்டுவது என்று முடிவு செய்யும். ஃபீல்டுக்கு அந்த மரியாதை இல்லை, வேரியபிளின் டைப் எதுவோ அந்த ஃபீல்டுதான். இதுவரை எல்லாரும் கெட்டர் (ஃபீல்டின் மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்) வழியாகவே எடுத்தார்கள், செக்கில் அதை ஓவர்ரைடும் செய்திருக்கிறார்கள், அதாவது தனக்கென்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதனால் குட்டு வெளிப்படவில்லை. ஃபீல்டை நேராகத் தொட்ட முதல் ஆள் நான்தான் போல.

ஜூன் 14, வெள்ளி

பட்டியலில் இருந்த காஸ்டைத் தூக்கிவிட்டேன். பேமென்ட்டிலேயே 'குறிப்பு' என்று ஒரு மெத்தட். செக் தன் எண்ணைத் தரும், கார்டு கடைசி 4 இலக்கங்களைத் தரும், ரொக்கம் வெற்றிடம். லூப்பில் ஒரு இஃப் கூட இல்லை. வங்கிக்குப் போகும் காசோலை ஃபைலில் மட்டும் இன்ஸ்டன்ஸ்ஆஃபும் காஸ்டும் அப்படியே இருக்கின்றன. அந்த ஃபைலின் விவகாரத்தைப் பேமென்ட் தலையில் கட்ட மனமில்லை. அந்த இரண்டாவது தொகையை வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட எனக்குத் தைரியமும் இல்லை.