பஸ் ரூட்டில் படித்த வரலாறு

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது, தலைவர்கள், அறிஞர்கள் பகுதியை எப்படி நினைவில் வைப்பது என்றுதான். பிறந்த ஊர், ஆண்டு, பட்டப்பெயர் என்று பட்டியல் போட்டு உருப்போட்டால் ஒரே மாதத்தில் எல்லாம் கலந்துவிடும். மன்னார்குடியில் இருந்து படித்தபோது நான் வேறு மாதிரி நோட்டுப் போட்டேன். யார், எங்கிருந்து எங்கே போனார், எதற்குக் கிளம்பினார், யார் மறித்தது, யார் சோறு போட்டது. ஆளுக்கு அரைப் பக்கம்.

வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியில் இருந்து நடக்கிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, அப்புறம் வேதாரண்யம். ஏறக்குறைய 150 மைல். இதில் பாதி நாம் தினமும் பஸ்ஸில் போகிற ரோடு. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். சனங்கள் சும்மா இருக்கவில்லை. சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள். இந்த ஒரு காட்சி மனதில் தங்கினால் கலெக்டர் பெயர், வருடம், வழி மூன்றும் கூடவே வரும். கூற்று, காரணம் கேள்விக்கு வேண்டியது இந்த ‘ஏன்’தான்.

1938-ல் தமிழர் படை இந்தித் திணிப்பை எதிர்த்துச் சென்னைக்கு நடந்ததும் திருச்சியில் இருந்துதான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதில் இருந்தார். இரண்டும் திருச்சி என்பதால் பொருத்துகவில் மாற்றிப் போடுவார்கள். ஒன்று கடலுக்கு, ஒன்று சென்னைக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ராமானுஜனுக்கு நான் எழுதியது தோல்வியில் தொடங்கும். கணக்கு தவிர எதிலும் மனம் போகாமல் கும்பகோணம் காலேஜில் உதவித்தொகை போனது. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, 1913-ல் கேம்பிரிட்ஜ் கணக்குப் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம், 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல், 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1919-ல் ஊர் திரும்பல், அடுத்த வருடமே மரணம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வளர்ந்த வீடு இருக்கிறது. சின்ன வீடுதான், ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

இலக்கியப் பகுதிக்கும் இதே வழிதான். சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதை முழுக்க நடைதான். விடியும் முன்னே புகாரை விட்டுக் கிளம்பி, கொஞ்ச தூரத்திலேயே கால் நொந்து, மதுரை எங்கே என்று கண்ணகி கேட்கிறாள். முப்பது காதம், பக்கம்தான் என்கிறான் கோவலன். எனக்கு அந்த இடத்தில் அவன்மேல் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும். சமணத் துறவி கவுந்தியடிகள் துணைக்கு வருவதும் இந்தக் காதையில்தான். புகார்க் காண்டம் 10, மதுரை 13, வஞ்சி 7 என்று காதை எண்ணிக்கையை அந்தப் பக்க ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்தில் எல்லோருக்கும் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வந்தியத்தேவன் குதிரையில் வந்த வழி அத்துப்படி. வீராணம் ஏரி, கடம்பூர், குடந்தை, தஞ்சை, கோடிக்கரை. ஆனால் அந்தப் பயணம் கல்கியின் கற்பனை. வல்லவரையர் வந்தியத்தேவர் ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையின் கணவர் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் உள்ள செய்தி. வரலாற்றுக் கேள்விக்குக் கல்வெட்டு மட்டும்தான் செல்லும். அதனால் கதை மாந்தர்களின் பயணத்தைப் பச்சை மையிலும், வாழ்ந்தவர்களுடையதை நீலத்திலும் எழுதினேன். திருப்பிப் பார்க்கும்போது நோட்டை மூடிவிட்டு, ஊர்களை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். எந்த ஊரில் நின்றுபோகிறீர்களோ, அந்த அரைப் பக்கத்தை மட்டும் மறுபடி படித்தால் போதும்.