ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர்

கிராமப்புறச் சுகாதார நிலையம் ஒன்றின் பிரசவ அறைக்குப் பணிப்பட்டியல் போடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஐந்து செவிலியர் இருக்கிறார்களே, இதில் என்ன சிரமம் என்றுதான் நினைத்தேன். முதல் மாதமே கணக்கு உதைத்தது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை பார்த்தால், அறையில் எந்நேரமும் ஒரே ஓர் ஆள் இருப்பதற்கே நான்கு பேருக்கு மேல் வேண்டும். விடுப்பு, பயிற்சி, காய்ச்சல் என்று சேர்த்தால் ஐந்து பேரும் அதிலேயே தீர்ந்துவிடுகிறார்கள். பதிவேட்டில் ஐந்து பெயர். இரவு இரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தால் ஒருவர்.

அந்த ஒருவர் செய்ய வேண்டியது என்ன? வலி நன்றாக எடுத்துவிட்ட பெண்ணுக்கு அரை மணிக்கு ஒரு முறையாவது குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். முக்கத் தொடங்கியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. பிரசவமான பின் முதல் இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு முறை தாயின் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று வயிற்றைத் தொட்டறிய வேண்டும். ஒரு கட்டிலில் ஒருத்தி முக்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்துக் கட்டிலில் சற்று முன் பெற்றவளுக்குச் சத்தமில்லாமல் உதிரம் போய்க்கொண்டிருக்கலாம். நாடி 80, 80, 80 என்று எட்டு வரிகளும் ஒரே மையில், ஒரே மூச்சில் நிரப்பப்பட்ட தாள்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை எழுதியவரைக் கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சராசரி என்பது இன்னொரு ஏமாற்று. ஆண்டுக்கு 730 பிரசவம், அதாவது நாளுக்கு இரண்டு என்று அறிக்கை சொல்லும். ஆனால் வலி நாள் பார்த்து வருவதில்லை. எந்த ஒழுங்கும் இல்லாமல் வருகிறார்கள் என்று வைத்துக் கணக்கிட்டால், ஆண்டில் ஏறத்தாழ 49 நாள் பிரசவமே இராது, ஏறத்தாழ 19 நாள் ஐந்தோ அதற்கு மேலோ இருக்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அப்படியொரு வெறும் நாளில் வந்து, ஆள் மிகை என்று எழுதிவிட்டுப் போனார். (அன்று இரவே நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள்.)

மருந்தோ கருவியோ இந்தக் குறையை ஈடுசெய்யும் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வைத்தான். போகும் உதிரத்தை அளவுக்கோடு போட்ட விரிப்பில் பிடித்து, அளவு மீறியதும் கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுதல், கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்சிடோசின் மருந்து, உறைந்த இரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒருசேரச் செய்தபோது, கடும் உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் நேரும் மரணம் ஆகியவை சேர்த்து 60 சதவீதம் குறைந்தன. அருமையான முடிவு; ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்க ஒருவர் கட்டிலருகே நின்றாக வேண்டும், பார்த்த பிறகு இரண்டு கைகள் போதா.

ஆளுக்கு எங்கே போவது என்பதற்கு மொசாம்பிக் ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கே 1984 முதல், மருத்துவர் அல்லாதவர்களுக்குச் சிசேரியன் உள்ளிட்ட அறுவைப் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களில் 88 சதவீதத்தினர் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தனர். அங்கே அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஒருவர்கூட இல்லை.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதும் ஆளைத்தான் தின்கிறது. மோசமான நிலையில் உள்ள தாயைத் தனியே ஆம்புலன்ஸில் ஏற்றக் கூடாது, செவிலியர் உடன் போக வேண்டும். அவர் போனால் அறையில் யாரும் இல்லை. அதனால் இரவுக்கு இரண்டாவது ஆள் கேட்டு எழுதினேன், நினைவூட்டியும் எழுதினேன். எட்டு மாதம் கழித்து இரண்டு புதிய பிரசவக் கட்டில்கள் வந்து இறங்கின. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரோரம் நிற்கின்றன.