பதினொன்று நல்லா இருந்தும் பன்னிரண்டும் இருட்டு

போன மாதம் ஒரு நாள் ராத்திரி, சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "டேய், உன் லைட்டு கண்ணடிக்குதுடா."

லைட்டு என்றால் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், அம்மாவின் கறிவேப்பிலைக்கும் ஓமவல்லிக்கும் நான் செய்து மாட்டிய விளக்கு. எங்கள் வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு, மூன்றாவது மாடியில் இருக்கிறது, எதிர் புளோக் முழுசாக மறைத்துக்கொண்டு நிற்பதால் சிங்கப்பூரில் அடிக்கிற வெயிலில் ஒரு துண்டுகூட அந்தப் பக்கம் விழாது. அதனால் பன்னிரண்டு வெள்ளை பவர் எல்இடி, ஒவ்வொன்றும் அலுமினியப் பலகையில் ஒட்டியது, எல்லாம் ஒரே சீரியல் இணைப்பில், ரயில் பெட்டி மாதிரி ஒன்றின் பின்னால் ஒன்று. அவற்றுக்குக் கரண்டை 700 மில்லிஆம்பியரில் நிலையாக வைத்துக் கொடுக்கும் டிரைவர் ஒன்று. ஒரு எல்இடிக்கு 3.2 வோல்ட் வீதம் மொத்தம் 38 வோல்ட் சொச்சம். டிரைவரின் மேல் 30-42 வோல்ட் என்று அச்சடித்திருந்தது, கணக்கு சரியாக உட்கார்ந்தது, இரண்டு வருஷம் ஒழுங்காகவும் எரிந்தது.

கண்ணடிப்பது என்றால், போட்டவுடன் எரியும், பத்து நிமிஷத்தில் மொத்தமும் அணையும், கொஞ்சம் ஆறியதும் திரும்ப எரியும். சூடானால் போய், ஆறினால் வருகிறது என்றால் எங்கேயோ ஈயம் வைத்து ஒட்டிய ஒரு பற்று விரிசல் விட்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன். சூட்டில் உலோகம் விரிகிறது, விரிசல் பிளக்கிறது, கரண்ட் நிற்கிறது, எல்லாம் ஆறியதும் பழையபடி ஒட்டிக்கொள்கிறது. சீரியலில் ஒரே பாதைதான். ஒன்று விட்டுப்போனால் மற்ற பதினொன்றும் நல்லபடியாக இருந்தும் இருட்டு.

ரெண்டு நாளில் கண்ணடிப்பதும் நின்று, ஒரேயடியாக அணைந்துவிட்டது.

மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு எல்இடியின் இரு கால்களிலும் வைத்துப் பார்த்தேன். ஆறு வரைக்கும் பூஜ்யத்தை ஒட்டியே காட்டியது, ஏழாவதில் வைத்ததும் 26 வோல்ட் என்று குதித்தது. பாதை அறுந்த இடத்தில்தான் அழுத்தம் முழுக்க வந்து நிற்கும். எதிர்முனையில் யாரும் இழுக்காததால் டிரைவர் தன்னால் முடிந்த உச்சத்துக்கு, என்னுடையதில் 50 வோல்ட்டுக்கு, ஏறி நின்றிருந்தது. அப்படியென்றால் மீட்டரில் ஏன் 26? மீட்டரே ஒரு துளி கரண்டை விடுகிறது, அந்தத் துளிக்கே மற்ற பதினொன்றும் ஆளுக்கு இரண்டு வோல்ட்டுக்கு மேல் பிடித்துக்கொள்கின்றன, மிச்சம்தான் மீட்டருக்கு வருகிறது. ஒரு சாத்தே குச்சியால் ஏழாவதின் காலை லேசாக அழுத்தினேன், பளீரென்று எல்லாம் எரிந்தது. எடுத்தேன், அணைந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் டிரைவர் மெயின்ஸிலிருந்து, அதாவது சுவர் பிளக்கில் வரும் கரண்டிலிருந்து, தனியாகப் பிரிக்கப்பட்ட வகை. மலிவான பல டிரைவர்கள் அப்படிப் பிரிக்கப்படுவதில்லை, அவற்றின் வெளியீட்டைத் தொடுவது 230 வோல்ட் வயரைத் தொடுவதற்குச் சமம். எது என்று தெரியாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 9 வோல்ட் பேட்டரியோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து ஒவ்வொரு எல்இடியாகத் தொட்டுப் பாருங்கள். நல்லது மினுக்கும்.

சரி, ஆள் கிடைத்துவிட்டான். இதற்கப்புறம் நான் செய்ததுதான் முட்டாள்தனம். டிரைவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழாவதின் இரண்டு காலுக்கும் ஒரு துண்டு வயரைக் குறுக்கே வைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், கண் கூசும் நீல வெளிச்சம், அப்புறம் இருட்டு. மூன்றாவது எல்இடி காலி.

யோசித்தால் புரியும். டிரைவரின் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் 50 வோல்ட்டுக்கு நிரம்பிக் காத்திருந்தது. பதினொரு எல்இடிக்குத் தேவை 35 வோல்ட்தான். நான் வயரை வைத்த அந்தக் கணத்தில் மிச்சம் 15 வோல்ட்டும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. 700 மில்லிஆம்பியர் கட்டுப்பாடெல்லாம் அப்போது உதவாது, கட்டுப்படுத்தும் சர்க்யூட் விழித்துக்கொள்வதற்குள் கெபாசிட்டர் தன் வேலையை முடித்துவிடும். ஆகவே பிளக்கைப் பிடுங்கி, வெளியீட்டில் வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் எதையும் இணைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல, அவசரம்.

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, அப்போ பேரலலாப் போட்டிருக்கலாமே?" என்றார். இதே டிரைவர் வகையில் ஆறு ஆறாக இரண்டு வரிசை, மொத்தம் 1.4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசை அறுந்தால் அந்த 1.4 முழுசும் மற்ற வரிசையின் தலையில் விழும். அதற்குச் சீரியலே தேவலை.

எல்இடி அறுந்துபோகாமல் ஷார்ட் ஆனால், அதாவது வெறும் வயர் மாதிரி ஆகிவிட்டால், கதை வேறு. கரண்டை நிலையாக வைக்கும் டிரைவர் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, அந்த ஒன்று மட்டும் எரியாது, டிரைவர் 3 வோல்ட் இறங்கிவரும். என்னுடையதில் இரண்டு வரை தாங்கும், மூன்றாவதும் போனால் 30-க்குக் கீழே விழுந்து டிரைவரே விட்டு விட்டு எரிய ஆரம்பிக்கும். வெறும் 24 வோல்ட் சப்ளையும் ரெசிஸ்டரும் வைத்து ஓட்டுகிறவர்கள்தான் பயப்பட வேண்டும். ஆறு எல்இடி, 7 ஓம் ரெசிஸ்டர் என்றால் 700 மில்லிஆம்பியர் வரும். ஒன்று ஷார்ட் ஆனதும் அது 1 ஆம்பியரைத் தாண்டும், அந்தச் சூட்டில் அடுத்தது போகும், அப்புறம் வரிசையாக.

சனிக்கிழமை தேக்காவில் அம்மாவுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து நடந்தே ஜாலான் புசார் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சிம் லிம் டவருக்குப் போனேன். கடைக்கார அங்கிளிடம் எல்இடியும், 5.1 வோல்ட் 5 வாட் ஜீனர் டயோடு பன்னிரண்டும் வாங்கினேன். ஒவ்வொரு எல்இடிக்கும் குறுக்கே ஒரு ஜீனர். எல்இடி நன்றாக இருக்கும்வரை 3.2 வோல்ட்தான் இருக்கும், ஜீனர் தூங்கும். எல்இடி அறுந்தால் வோல்ட் ஏறி 5.1-ஐத் தொடும், ஜீனர் வழியாகக் கரண்ட் சுற்றிப்போகும். மற்ற பதினொன்றோடு சேர்த்து 40.3 வோல்ட், டிரைவரின் 42-க்குள்தான்.

அலுமினியப் பலகையில் பற்றவைப்பது சாதாரண சால்டரிங் அயர்னுக்கு ஆகாத வேலை, வைக்கிற சூட்டையெல்லாம் பலகை குடித்துவிடும். அம்மாவின் பழைய தோசைக்கல்லில் வைத்து அடியிலிருந்து சூடாக்கித்தான் மூன்றாவதையும் ஏழாவதையும் மாற்றினேன். ஈயம் பட்ட கல் இனிச் சமையலுக்கு ஆகாது என்றதும், "அத முன்னாடியே சொல்ல மாட்டியா" என்று அரைமணி நேரம் திட்டு.

கடைசியில் வேண்டுமென்றே ஏழாவதின் ஒரு காலைக் கழற்றிவிட்டுப் போட்டேன். பதினொன்று எரிந்தது. ஆனால் அந்த ஜீனரில் விரல் வைக்க முடியவில்லை. 5.1 பெருக்கல் 0.7, மூன்றரை வாட், கட்டைவிரல் நகமளவுகூட இல்லாத ஒரு பொருளில். இதற்கென்றே எல்இடி ஷன்ட் என்று ஒரு குட்டிப் பாகம் வருகிறது, எல்இடி அறுந்ததும் ஒருமுறை விழுந்தால் 1 வோல்ட் அளவில் பிடித்துக்கொண்டு நிற்கும், சூடும் முக்கால் வாட்தான். முதலிலேயே அதை வாங்கியிருக்கலாம். வாங்கினதை வீணாக்க மனசில்லாமல், பன்னிரண்டு ஜீனரையும் வெப்பம் கடத்தும் பசையால், சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டான ஹீட்சிங்கிலேயே ஒட்டிவிட்டேன்.

ஏழாவதைத் திரும்பப் பற்றவைப்பதற்குள் அம்மா வந்து பார்த்தார்.

"நடுவுல ஒண்ணு எரியலையே?"