இப்போதைக்கு இதுதான்

"வேற மாத்திரை ஏதாச்சும் இருக்குங்களா சார்?" என்று அந்த அம்மா கேட்டார். "இப்போதைக்கு இதுதான்ம்மா" என்றேன்.

பக்கத்தில் பையன் குரங்குத் தொப்பியைக் காதுக்குக் கீழே வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஊட்டிக் குளிருக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். குரல்கள் கேட்காமல் இருக்கவாம். மனச்சிதைவு நோய்; யாரும் பேசாமலே குரல் கேட்கும். ரிஸ்பெரிடோன் 6 மில்லிகிராம் எட்டு வாரம், அப்புறம் ஒலான்சபின் 20 எட்டு வாரம். விழுங்கும்வரை அம்மா நகர மாட்டார். குரல் போகவில்லை, எடைதான் ஏறியது.

இரண்டு மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் நோய் அடங்கவில்லை என்றால் க்ளோசபின் என்ற மருந்து. எந்த வழிகாட்டு நெறியும் இதைத்தான் சொல்கிறது. 1988இல் வந்த ஆய்வில், வேறு மருந்துக்கு அசையாதவர்களில் 30 சதவீதம் பேர் க்ளோசபினில் ஆறு வாரத்தில் தேறினார்கள். பழைய மருந்தான குளோர்புரோமசினில் 4 சதவீதம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் க்ளோசபின் சிலருக்கு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களை அபாயமாகக் குறைத்துவிடும். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். மஞ்சூர் தாண்டிய எஸ்டேட் லயன் வீட்டிலிருந்து 18 தடவை பஸ், 18 நாள் கூலி. கணக்கை நானே போட்டு விடையையும் நானே சொல்லிவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்துத்தான் க்ளோசபினைப் பற்றி அந்த அம்மாவிடம் சொன்னேன். "ரத்தம் எடுக்கறதுக்கா சார் இத்தனை நாளு?" என்றார். கோபம்கூட இல்லை.

ஆரம்பித்த பத்தாவது வாரம் மழை, மண்சரிவு, பஸ் இல்லை. மூன்று நாள் மாத்திரை இல்லாமல் போனது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டால் பழைய அளவைக் கொடுக்க முடியாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். செய்தி வந்ததும், 'பார், நான் பயந்தது சரிதானே' என்று தோன்றியது. அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதுதான் உறுத்துகிறது.

சரி, காய்ச்சலோடு அவன் அந்த மலையில் மாட்டியிருந்தால்? வெள்ளையணு இறங்கியிருந்தால்? பயம் பொய்யில்லை. ஆனால் அந்த அம்மா கேட்டது ஜனவரியில். அன்றே தொடங்கியிருந்தால் 18 வாரமும் மே மாதத்தில், மழைக்கு முன்னாலேயே முடிந்திருக்கும். மழைக்குள் கொண்டுபோய் விட்டது நான்தான்.

போன தடவை வந்தபோது தொப்பி நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது. அன்றைக்கு நல்ல வெயிலும் அடித்தது.