எடை, சர்க்கரை, ஈரல்: என் கர்ப்பகாலத்துச் சோதனைகள்

பருமனான பெண் கர்ப்பமானால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பார்கள். என் விஷயத்தில் கல்லீரலும் சேர்ந்துகொண்டது. எங்கள் சோழவந்தான் பக்கம் என்னைப் போன்ற உடல்வாகு உள்ளவர்கள் நிறைய. அவர்களில் யாருக்காவது உதவட்டும் என்றுதான் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நர்ஸ் அக்கா பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பிக்மி எண் வாங்கித் தந்தபோது என் எடை 82 கிலோ, உயரம் 154 சென்டிமீட்டர். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ 34-ஐத் தாண்டியது. பொதுவாக 30-க்கு மேல் போனால் உடல் பருமன் என்பார்கள். நம் ஆட்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சீக்கிரம் சேர்ந்துவிடுவதால் இந்தியர்களுக்கு 25-லேயே அந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. "பயப்படாதத்தா, ஆனா மதுரையில ஒரு பெரிய டாக்டரம்மாகிட்ட காட்டிரு" என்றார் அக்கா.

மதுரையில் முதலில் போன இடத்தில் பிரஷர் பார்க்கச் சுற்றிய பட்டை என் கைக்கு எட்டவில்லை. ஒட்டும் இடம் பிய்ந்து பிய்ந்து வந்தது. அந்தப் பெண் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அளந்து 150/96 என்று எழுதிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. மாத்திரை எழுதும் அளவுக்குப் போனார்கள். எதற்கும் இன்னொருவரிடம் காட்டுவோம் என்று வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் என் கையைப் பார்த்ததுமே அலமாரியிலிருந்து அகலமான பட்டையை எடுத்தார். 126/80. பருத்த கையில் சின்னப் பட்டையைப் போட்டால் பிரஷர் கூடுதலாகத்தான் காட்டுமாம். "பெரிய பட்டை இருக்கா?" என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். கடைசி வரை இவரிடமே காட்டினேன்.

பிரஷர் சரியாக இருந்தாலும் 12 வாரம் முடிந்ததும் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினார். எடையும் அதிகம், முதல் பிரசவமும்கூட என்பதால், பின்னால் பிரஷர் ஏறிச் சிக்கலாகாமல் இருக்க. இதை 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும் என்றார்.

ஈரல் கதை முதல் ரத்தப் பரிசோதனையிலேயே ஆரம்பித்துவிட்டது. ஈரல் நோகும்போது ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி 68 என்று வந்தது. லேப் தாளில் மேல் எல்லை 40. மஞ்சள் காமாலைக் கிருமிகள் பி, சி இரண்டும் இல்லை. வயிற்று ஸ்கேனில் 'கொழுப்பு ஈரல், கிரேடு 2', அதாவது நடுத்தரம், என்று வந்தது. "குடிக்கிற ஆளுக்குத்தானே ஈரல் கெடும், இவளுக்கு எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்றார் அத்தை. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, இன்று இந்தக் கொழுப்பு ஈரல் சாராய வாடையே அறியாதவர்களிடமும் நிறைய இருக்கிறது, பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது, உங்கள் மருமகளுக்குக் கர்ப்பத்தால் தெரிந்தது என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும். கர்ப்பமாகாமல் இருந்திருந்தால் நான் ரத்தமே கொடுத்திருக்க மாட்டேன்.

அடுத்து சர்க்கரை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தம். சாப்பிட்டு வந்தாலும் சாப்பிடாமல் வந்தாலும் பார்க்கலாம். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு வா என்று சொல்லாத இந்த முறையை நம் நாட்டில் பரவலாக்கியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். பதிவின்போது எடுத்ததில் எனக்கு 128. தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆறாம் மாதம் மறுபடி எடுத்ததில் 168.

நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். இது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடப்பதுதான். ஒல்லியான பெண்ணின் கணையம் பெரும்பாலும் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். என்னைப் போல எடையாலும் ஈரல் கொழுப்பாலும் இன்சுலின் ஏற்கெனவே மந்தமாக இருப்பவர்களுக்கு இதுவும் சேரும்போது கணையம் திணறிவிடுகிறது.

வீட்டில் சர்க்கரை மெஷின் வாங்கி, காலை வெறும் வயிற்றிலும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் குத்திப் பார்க்கச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்ட பின் 120-க்குக் கீழே இருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகான கணக்கைப் பிடித்துவிட்டேன். காலைக் கணக்குதான் ஆட்டம் காட்டியது. இரவு இரண்டு இட்லியோடு நிறுத்தினாலும் காலையில் 104, 108. அத்தைக்குச் சந்தேகம், நான் ராத்திரி ஒளித்து வைத்து ஏதோ தின்கிறேன் என்று.

ஒன்றும் தின்னவில்லை. சர்க்கரையை விட்டது ஈரல். டாக்டரம்மா எங்கள் ஊருக்குத் தகுந்த மாதிரியே சொன்னார்: ஈரல் ஒரு குதிர். சாப்பிடும்போது சர்க்கரையை உள்ளே வாங்கி வைக்கும், ராத்திரி நாம் பட்டினியாகத் தூங்கும்போது கீழே திறந்து கொஞ்சம் கொஞ்சமாக விடும். போதும், மூடு என்று சொல்கிற ஆள் இன்சுலின். கொழுப்பேறிய ஈரலுக்கு அந்தச் சொல் காதில் ஏறாது. அதுபாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருக்கும். இரவுச் சாப்பாட்டை இன்னும் குறைத்தால் இது சரியாகாது, பட்டினி கிடப்பது பிள்ளைக்கும் நல்லதில்லை என்று சொல்லிவிட்டு, படுக்கும் முன் ஒரு இன்சுலின் ஊசி எழுதினார். போட ஆரம்பித்த சில நாட்களில் காலை அளவு இறங்கிவிட்டது. எனக்கு நிம்மதி சர்க்கரை இறங்கியதில் பாதி, அத்தையின் சந்தேகம் தீர்ந்ததில் மீதி.

சாப்பாட்டில் எனக்குப் பாடம் எடுத்தது மெஷின்தான். சர்க்கரைக்குக் கேழ்வரகு நல்லது என்று தெருவே சொன்னது. கூழாகக் கரைத்துக் குடித்த அன்று 152. அதே கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை போட்டு அடை தட்டி, கொண்டைக்கடலைச் சுண்டலோடு சாப்பிட்டால் 118. மாவாகி, கரைந்து, தண்ணீராகப் போவது எதுவானாலும் சீக்கிரம் ஏறுகிறது. சோற்றை நிறுத்தவில்லை; வயல் ஊரில் பிறந்துவிட்டு அதெல்லாம் நடக்கிற காரியமா? ஒரு கரண்டி சோறு, அதைவிட அதிகமாகக் காய், ஒரு முட்டை அல்லது மீன். ஜிகர்தண்டாவைத் தொடவில்லை. பாலும் பாசியும் நன்னாரியும் குளிர்ச்சிதான், ஆனால் அதற்குள் இறங்கும் சர்க்கரையை யார் கணக்குப் பார்க்கிறார்கள்? "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு தாயி" என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லும்போது, இந்த எடையில் தொடங்குகிறவர்களுக்குப் பத்து மாதத்துக்கும் சேர்த்து 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும் என்று அட்டையைக் காட்டி வாயடைக்க வேண்டியிருந்தது. எனக்கு 7 ஏறியது.

வளைகாப்பு முடிந்த பிறகு எடுத்த ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற ஈரல் சோதனை அளவு எல்லையைத் தாண்டித் தடித்த எழுத்தில் வந்திருந்தது. லேபில் இருந்த தம்பி, "அக்கா, ஈரல்ல ஏதோ பிரச்சினை" என்று சொல்லி என் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தான். டாக்டரம்மா அந்த வரியை அலட்டிக்கொள்ளாமல் தாண்டினார். அது நஞ்சுக்கொடியிலும் சுரக்கிற சமாச்சாரம், மாதம் ஏற ஏற அதுவும் ஏறும். ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவதும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இரண்டு மூன்று மடங்கு ஏறுவதும்கூடக் கர்ப்பத்தில் வழக்கம்தான். எஸ்ஜிபிடியும் அதன் ஜோடியான எஸ்ஜிஓடியும் அப்படி இல்லை. கர்ப்பத்தினால் மட்டும் அவை ஏறாது, ஏறினால் காரணம் தேடியே ஆக வேண்டும். எனக்கு எஸ்ஜிபிடி 44-க்கு இறங்கியிருந்தது. கர்ப்பிணியின் ரத்தத் தாளை லேப் வாசலில் வைத்து யாரிடமும் படிக்கச் சொல்லாதீர்கள்.

எட்டாம் மாதம் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன, அதுவும் ராத்திரியில். தடிப்போ சொறியோ இல்லை. "சூடுதான், கீழாநெல்லியை அரைத்துக் குடி" என்று அம்மா கிளம்பிவிட்டார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டதும், எந்த நாட்டு மருந்தும் வேண்டாம், நாளைக்கே வா என்றார். பித்தநீர் ஈரலில் தேங்கினாலும் இப்படித்தான் அரிக்குமாம். அது அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து. அதற்குப் பித்த அமிலம் என்று தனிச் சோதனை இருக்கிறது. ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பி, முடிவு வர நாளானது. அந்த நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். முடிவு 7 மைக்ரோமோல். 10-க்குக் கீழ்தான், பயமில்லை. அரிப்பு பிரசவம் வரை இருந்தது, தேங்காய் எண்ணெயோடு ஓட்டினேன்.

அன்றைக்கே ஒரு துண்டுத் தாளில், எதற்கெல்லாம் ராத்திரியானாலும் கிளம்பி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்: வலது விலாவுக்குக் கீழே வலி, விடாத தலைவலி, கண் மங்கல், ஓயாத வாந்தி, சிறுநீர் கட்டங்காப்பி நிறம். பிரஷரோடு ஈரலும் கெட்டு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரியும் நிலை ஒன்று, கர்ப்பத்தின் கடைசியில் திடீரென்று ஈரலில் கொழுப்பேறி ஆளைச் சாய்க்கும் நிலை இன்னொன்று. இரண்டாவது அபூர்வம், எனக்கு இருந்த சாதாரணக் கொழுப்பு ஈரலோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இணையத்தில் தேடி நடுங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தோம்.

பிரசவம் சிசேரியன். பையன் 3.4 கிலோ. பிறந்ததும் குதிகாலில் குத்தி அவனுக்கும் சர்க்கரை பார்த்தார்கள், தாழவில்லை. எனக்கு அன்றிரவே இன்சுலின் நின்றது.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கொஞ்சம் கோபம். பத்து மாதமும் என்னைச் சுற்றி வந்த அத்தனை பேரும் அன்றோடு தொட்டில் பக்கம் திரும்பிவிட்டார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், கொழுப்பு ஈரலும் சேர்ந்தே வளரும். ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரியில் இருந்தது. அதை வீட்டில் யாரும் படிக்கவில்லை. பச்சை உடம்புக்காரியை எதற்கு அலைக்கழிக்கணும் என்றார்கள். பையனுக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி கட்டாயம் போட்டே ஆக வேண்டுமே, அதே காலையில் நானும் வெறும் வயிற்றோடு கிளம்பி என் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். தனியாகப் போகிறேன் என்றால் அனுப்பியிருக்க மாட்டார்கள். வெறும் வயிற்றில் 96, இரண்டு மணி நேரம் கழித்து 131. சர்க்கரை இல்லை.

ஈரல் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. பையனுக்கு ஆறு மாதம் ஆனபோது எஸ்ஜிபிடி 41, ஸ்கேனில் இன்னும் கொழுப்பு. ஈரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் பைப்ரோஸ்கேனும் எடுத்தோம். அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை என்றார்கள், எனக்குக் கீழேதான். மாத்திரை எதுவும் தரவில்லை. இருக்கிற எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் ஈரல் தானாகவே தேறும், தாய்ப்பாலையும் நிறுத்தாதே என்றார் டாக்டரம்மா. சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடக்கிறேன். பையனை மதினி பார்த்துக்கொள்வார். இதுவரை 4 கிலோ குறைந்திருக்கிறது.

வருடம் ஒருமுறை சர்க்கரையும் ஈரலும் பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளைக்கு யோசிப்பதாக இருந்தால், தள்ளிப்போன பிறகு வராதே, அதற்கு முன்பே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்த்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார். போன மாதம் என் வீட்டுக்காரரையும் ஸ்கேன் எடுக்க வைத்தேன். அவருக்கும் கிரேடு 1. இப்போது வாய்க்கால் கரைக்கு அவரும் வருகிறார்.